சமத்துக் குழந்தை

கோகிலவாணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தெரிந்த வேலைகளில் ஆண்டு மடல் எழுதுவதும் ஒன்று. ஏப்ரல் மாதக் கடைசி வேலை நாளன்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரின் வீட்டுக்கும் ஆளுக்கொரு மடல் போயாக வேண்டும். வருடம் முழுக்கப் பிள்ளை எப்படி இருந்தது, என்ன படித்தது, அடுத்த வருடம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். மதிப்பெண், வருகை, உயரம், எடை எல்லாவற்றையும் கணினியே போட்டுக்கொள்ளும். உச்சியில் ஒரே ஒரு வரியை மட்டும் வகுப்பு ஆசிரியை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். கணினி எத்தனை பக்கம் எழுதித் தள்ளினாலும் பெற்றவர்கள் தேடிப் படிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

மதியச் சாப்பாட்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் அவள் முப்பத்தெட்டையும் முடித்துவிடுவாள். இருபத்தேழு வருடப் பழக்கம். முதலில் வாலுகள். கவின்மொழி என்று ஒரு பையன், தண்ணீர்க் குழாயைப் பிடுங்கி வகுப்புக்குள் கொண்டுவந்தவன். அவனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், ஒரு வரிக்குள் அடக்குவதுதான் பெரும்பாடு. அடுத்து கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்களைப் பற்றியும் வரி தானாக வரும். இரண்டிலும் சேராமல் கொஞ்சம் பேர் மிஞ்சுவார்கள். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், போனார்கள் என்பதைத் தவிர அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் அகப்படாது. அவர்களுக்கென்று கோகிலவாணியின் பேனாவில் ஒரு சொல் எப்போதும் தயாராக இருந்தது. 'சமத்துக் குழந்தை.' எழுதி, கீழே ஒரு கோடு போட்டுவிடுவாள். எந்த அம்மாவும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை.

இந்த வருடம் மடலின் அடியில் புதிதாக ஒரு பகுதி சேர்ந்திருந்தது. அதற்குப் பெயர் பாதை. மூன்றாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளை மூன்று பாதைகளாகப் பிரிக்கலாம் என்று சட்டம் வந்து இரண்டு வருடமாகிறது. ஆய்வு, பொது, கைத்திறன். யார் எந்தப் பாதை என்று சொல்வதற்குப் பள்ளி நிர்வாகம் ஓர் இயந்திரத்தை வாங்கி வைத்திருந்தது. ஆசிரியைகள் அதற்கு ஜோசியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "உங்க கிளாசுக்கு ஜோசியர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். கைத்திறன் பிரிவைப் பற்றி மட்டும் யாரும் சிரித்ததில்லை. அதற்குச் சாலைக்கு எதிர்ப்புறம் தனிக் கட்டடம். காலையில் இரண்டு மணி நேரம் திரையில் பாடம். மீதி நாள் முழுக்கக் கைவேலை. திருப்பூரில் கைவேலை என்றால் பனியன் கம்பெனி வேலைதான் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் போன பிள்ளை சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் திரும்பி வருவதற்கு விதியில் இடமில்லை.

மூன்று இருபதுக்கு மடல்கள் பெற்றோர்களின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றரைக்கு வகுப்பு ஆசிரியைக்கான பட்டியல் வந்தது. அவள் வகுப்பில் கைத்திறனுக்கு மூன்று பேர். இரண்டு பேரின் பெற்றோர் தாங்களாகவே எழுதிக் கொடுத்துக் கேட்டிருந்தார்கள். மூன்றாவது பெயர் பூ. வர்ணிகா. மதிப்பெண் பொதுவையும் கைத்திறனையும் பிரிக்கும் கோட்டின் மேலேயே சரியாக நின்றது. காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: 'சமத்து'.

கோகிலவாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு பட்டியலோடு நேராக மாடிக்குப் போனாள்.

ஜோசியரைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்டிருந்தவள் நஸ்ரின். ஈரோட்டுப் பெண், இருபத்தாறு வயதிருக்கும். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வாள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

"இது பாராட்டும்மா," என்றாள் கோகிலவாணி. "திட்டி எழுதினதுக்குக் கீழ தள்ளினா சரின்னு விடலாம். பாராட்டினதுக்கா தள்ளும்?"

நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அதுக்குப் பாராட்டும் தெரியாது, திட்டும் தெரியாதுங்க மேடம். நீங்க ஒரு சொல்லை எழுதினதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆச்சுன்னு மட்டும்தான் அது பார்க்கும்."

பள்ளியின் பழைய மடல்களின் நகல்கள் எல்லாம் போன கோடையில் இயந்திரத்துக்குள் ஏற்றப்பட்டிருந்தன. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு எங்கே, என்ன செய்கிறார்கள் என்ற விவரமும் அரசாங்கப் பதிவுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. நஸ்ரின் திரையைத் திருப்பிக் காட்டினாள். இருபத்தேழு வருடத்தில், பள்ளி வயதைத் தாண்டிவிட்டவர்களில் மட்டும், கோகிலவாணி நூற்று அறுபத்தொரு பிள்ளைகளுக்குச் சமத்து என்று எழுதியிருந்தாள். அதில் நூற்று நாற்பத்தெட்டுப் பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை.

கோகிலவாணி நாற்காலியைத் திரைக்கு அருகில் நகர்த்திக்கொண்டாள். "வாலுப் பசங்க?" என்று கேட்டாள்.

"அவங்கள்ல பாதிக்கு மேல நல்லா வந்திருக்காங்க. அவங்களைப் பத்தி அந்த ஒரு வரிக்குள்ளயே நீங்க நிறையச் சொல்லியிருக்கீங்க மேடம். எது பிடிக்கும், எதுக்குக் கோபம் வரும், யாரோட சேர்ந்தா கெட்டுப்போவான்னு எல்லாம் இருக்கு. அடுத்த வருஷம் வந்த டீச்சர் அதைப் படிச்சிருப்பாங்க. சமத்துன்னு இருந்தா அவங்களும் விட்டுட்டிருப்பாங்க."

"அப்போ அந்தச் சொல் பிள்ளையைப் பத்தினதா, என்னைப் பத்தினதா?"

"அது ஜோசியருக்குத் தெரியாது மேடம். ரெண்டுல எதுவா இருந்தாலும் முடிவு ஒண்ணுதானே வருது."

இந்தப் பதிலில் கோபப்பட ஒன்றுமில்லை. அதனாலேயே கோகிலவாணிக்கு ஆத்திரம் பொங்கியது. மாற்ற வழி உண்டா என்று கேட்டாள். உண்டு என்றாள் நஸ்ரின். நாளை மாலை ஐந்து மணி வரை ஆசிரியை ஒரு திருத்தம் போடலாம். அதற்கு அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு சம்பவம் போதும். ஆனால் தேதி வேண்டும், அன்றைய வகுப்புப் பதிவோடு ஒத்துப்போகவும் வேண்டும். பெற்றோர் மடலில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மட்டும் அந்த நிமிடமே எல்லாம் மூடிக்கொள்ளும். வர்ணிகாவின் அப்பா இன்னும் மடலைத் திறக்கவில்லை.

வகுப்புப் பதிவு என்பது ஆசிரியைகள் சேலையில் குத்திக்கொள்ளும் பொத்தான் அளவு ஒலிவாங்கியில் சேர்வது. நஸ்ரின் உதவி செய்யும் எண்ணத்தில், அந்த வருடத்துப் பதிவு முழுக்க வர்ணிகாவின் பெயரைத் தேடிப் பார்த்தாள்.

"வருகை எடுக்கும்போது சொன்னதைத் தவிர்த்தா, இந்த வருஷம் நீங்க அந்தப் பேரைச் சொன்னது நாலு தடவை மேடம்."

வகுப்பறைக்குத் திரும்பிய கோகிலவாணி வர்ணிகாவின் அப்பாவுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பனியன் கம்பெனியில் மாலையே தொடங்கும் இரவு டபுள் ஷிப்ட் என்று சேர்க்கை விண்ணப்பத்தில் இருந்தது. கம்பெனி வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், காலையில்தான் கையில் கிடைக்கும். அந்த நேரத்தில் அவள் கிளம்பி வர்ணிகாவின் வீட்டுக்குப் போயிருக்கலாம். வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்தது. ஒரே ஒரு சம்பவம், அதைக் கண்டுபிடித்துத் திருத்தத்தைப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்துவிடும் என்று நினைத்தாள். இத்தனை வருடம் டீச்சராக இருந்தவளுக்கு அவ்வளவுகூட அகப்படாதா?

அகப்படவில்லை. வெளிச்சம் மங்கும்வரை அந்தக் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வர்ணிகா எந்த பெஞ்சில் உட்காருவாள் என்பதே நிச்சயமாகத் தெரியவில்லை. ஆண்டு விழாவில் மேகமாக ஆடியது அவளோ என்று படத்தை எடுத்துப் பார்த்தால் அது வேறு பெண். இருநூறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம், பத்தடிக்குள் இருந்த ஒரு குழந்தை. முகத்தை நினைவில் கொண்டுவர முயன்றால் சீருடையும் இரட்டைச் சடையும்தான் வந்தன. பொய்யாக எதையாவது எழுதிவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பதிவு காட்டிக்கொடுத்துவிடும். இயந்திரத்தை ஏமாற்ற முடியாது என்பதற்காக அல்லாமல், எழுதுவதற்குப் பொய்கூடத் தோன்றவில்லை என்பதற்காகவே அவளுக்கு அழுகை வந்தது. ஒரு குழந்தையைப் பற்றிப் பொய் சொல்லவும் அந்தக் குழந்தையைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டுமே.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு வர்ணிகாவின் வீட்டைத் தேடிப் போனாள். சாய ஓடைக்கு அந்தப் பக்கம் பத்து வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் வீடு. அம்மா கம்பெனி வேனில் ஏழரைக்கே போய்விட்டிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. கதவைத் திறந்தது வர்ணிகாதான். முன்பல் இரண்டு விழுந்து, ஒன்று பாதி முளைத்திருந்தது. அதைக்கூட கோகிலவாணி இன்றுதான் பார்த்தாள்.

டீச்சரை வீட்டு வாசலில் பார்த்ததும் அந்தப் பெண் ஓடி ஒளியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள், சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், பிறகு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரு என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள்.

என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள் கோகிலவாணி. எந்தப் பாடம் பிடிக்கும், யார் சிநேகிதி, என்ன விளையாடுவாய். எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான் பதில். கடைசியில் மனதில் கிடந்ததை நேராகவே கேட்டுவிட்டாள்.

"ஏன் கண்ணு, கிளாஸ்ல ஒரு நாள்கூட எதுவுமே கேட்டதில்லயே நீ?"

"கேட்டா சமத்து இல்லைங்களே மிஸ்."

"யாரு சொன்னா அப்படி?"

"நீங்கதானுங்க மிஸ்." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. டீச்சர் மறந்துபோன பாடத்தை எடுத்துக் கொடுக்கும் குரல். "பள்ளிக்கூடம் தொறந்தப்ப எல்லாரும் கத்துனாங்க. 'வர்ணிகா எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கா பாருங்க'ன்னு சொன்னீங்க. அப்புறம் மழை பேஞ்ச அன்னைக்கு ஒருக்கா சொன்னீங்க. இன்ஸ்பெக்டர் வந்தப்ப சொன்னீங்க. கவின்மொழி குழாயைப் பிடுங்குனப்ப சொன்னீங்க. மொத்தம் நாலு தடவைங்க மிஸ்."

கோகிலவாணி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். இயந்திரம் எண்ணிய அதே நாலு. இந்த உலகத்தில் அதை எண்ணி வைத்திருந்த இன்னொரு ஆள் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கேட்க ஏதாவது தோன்றினால் என்ன செய்வாய் என்று கேட்டாள். வர்ணிகா எழுந்து போய் ரஃப் நோட்டை எடுத்துவந்தாள். முன்பக்கம் வகுப்பில் போட்ட கணக்கு. பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தால் பக்கம் பக்கமாகக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் மேலே, பலகையில் பார்த்து எழுதிய தேதி. பல்லி கூரையில் நடக்கும்போது அதற்கு எது மேலே, எது கீழே? சைபரை எதுக்கு எண்ணணும்? ஆகஸ்ட் பத்தொன்பது, நீர்ச் சுழற்சி நடத்திய நாள்: ஓடைத் தண்ணி செவப்பா இருக்கு, அது மேல போயி மழையா வந்தா ஏன் செவப்பா வரல? சாயம் எங்க எறங்கிக்கிச்சு?

இந்த ஒரு கேள்வியை வர்ணிகா அன்றைக்கு எழுந்து நின்று கேட்டிருந்தால் அந்தப் பாடத்தை வேறு மாதிரி நடத்த வேண்டியிருந்திருக்கும். கோகிலவாணி இருபத்தேழு வருடமாக அந்தப் படத்தை வரைகிறாள். ஒரு பிள்ளையும் அதைக் கேட்டதில்லை. இன்னும் இரண்டு பக்கம் தள்ளி, டிசம்பரில் ஒரு நாள்: மிஸ் இன்னைக்கு ரெண்டு தடவை வருகை எடுத்தாங்க. மிஸ் வீட்ல யாருக்கோ ஒடம்பு சரியில்லையா? கோகிலவாணியின் கணவருக்கு ஸ்கேன் முடிவு வந்த நாள் அது. பள்ளியில் யாரிடமும் அவள் சொல்லவில்லை. யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

சமர்த்து என்ற சொல்லுக்கு அகராதியில் திறமை என்றுதான் பொருள் போட்டிருக்கும். அது தேய்ந்து சமத்தாகி, வாயைத் திறக்காத பிள்ளை என்ற பொருளுக்கு வந்து சேர்ந்ததில் தன் பங்கும் இருக்கிறது என்று கோகிலவாணிக்கு அந்த நோட்டைப் பார்த்தபோது உறைத்தது.

ஓடைக் கேள்வி இருந்த பக்கத்தைப் படம் பிடித்தாள். தேதி இருக்கிறது, பாடம் பதிவோடு ஒத்துப்போகும், சம்பவம் பொய்யில்லை. போனிலேயே திருத்தப் பகுதியைத் திறந்தாள். சமத்து என்று இருந்த இடத்தில், 'எல்லாவற்றையும் கவனித்து, யாரும் கேட்காத கேள்வியைக் கேட்கும் குழந்தை' என்று எழுதினாள். நேரம் ஒன்பது நாற்பது. ஐந்து மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது. வர்ணிகாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அனுப்பும் இடத்தில் விரலை வைத்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது. 'மடல் ஏற்கப்பட்டது. பெற்றோர் கையொப்பம் காலை 9.12. திருத்தம் இயலாது.'

அவள் மறுபடி அழுத்தினாள். அதே வரி வந்தது. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது.

உள்ளே வந்தவனுக்கு முப்பது, முப்பத்தொன்று வயதிருக்கும். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. கையில் இனிப்புப் பெட்டி. டீச்சரைப் பார்த்ததும் செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளி விட்டுவிட்டு, இரண்டு கையும் கூப்பினான்.

"மிஸ், நீங்களே வந்துட்டீங்களா. நானே உங்களப் பாக்கத்தானுங்க ஸ்வீட்டோட கெளம்பி வந்தேன். பாப்பாவையும் கூட்டிட்டுப் போலாம்னு." அவன் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "என்னத் தெரியலீங்களா மிஸ்? பூபதிங்க. நானும் உங்ககிட்டத்தான் ரெண்டாவது படிச்சேன்."

தெரியும் என்று தலையாட்டினாள் கோகிலவாணி. தெரியவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தான். கண்ணாடித் தாள் ஒட்டிப் பத்திரப்படுத்திய பழைய ஆண்டு மடல். மேலே ஒரு வரி, இளவயதுக் கையெழுத்து, அவளுடையதுதான். சமத்துக் குழந்தை. கீழே ஒரு கோடு.

"எங்க வீட்ல என்னத் தண்டம்னுதானுங்க கூப்புடுவாங்க. ஒம்பதாவதோட நின்னுட்டேன். இப்ப வரைக்கும் ஒருத்தர் என்னைப் பத்தி நல்லதா எழுதிக் கொடுத்தது இது ஒண்ணுதான். காத்தால கேட்ல போனை வாங்கித் தொறந்தா, பாப்பாவுக்கும் அதே கையெழுத்து, அதே வார்த்தை. ஷிப்ட்ல இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். அங்கயே நின்னு கையெழுத்துப் போட்டுட்டேனுங்க."

"கீழ இருந்ததைப் படிச்சீங்களா பூபதி?"

"என்னமோ பாதைன்னு நீளமாப் போட்டிருந்துச்சுங்க. நீங்க சமத்துன்னு எழுதிட்டீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைப் படிக்கிறதுங்க."

நூற்று நாற்பத்தெட்டில் ஒருவன் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கோகிலவாணி சொல்லிவிட்டாள். சொல்லாமல் அந்த வீட்டைவிட்டுப் போக முடியாது என்று தோன்றியது. கைத்திறன் பிரிவில் போட்டிருக்கிறார்கள், எதிர்க் கட்டடம், இனி மாற்ற முடியாது, அதற்குக் காரணம் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

பூபதியின் சிரிப்பு சட்டென்று அடங்கியது. மகளைப் பார்த்தான், தன் விரல்களைப் பார்த்தான்.

"அது நல்லதுங்களா மிஸ்?" என்று கேட்டான்.

கோகிலவாணி சொம்பை எடுத்தாள், குடிக்காமல் மறுபடி கீழே வைத்தாள். அவள் சங்கடப்படுவதைப் பொறுக்காமல் பூபதி தானே பதிலைச் சொல்லிக்கொண்டான். நீங்கள் எழுதினால் கெட்டதாகவா இருக்கும் என்றான். இனிப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினான். அவள் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

வர்ணிகா நோட்டைத் திருப்பி வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். முதல் முறையாகத் தானாக ஒன்றைக் கேட்டாள்.

"மிஸ், அடுத்த வருஷமும் கேள்வியெல்லாம் பின்னாடியே எழுதட்டுங்களா?"

கைத்திறன் பிரிவில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பதில்லை. கோகிலவாணி குனிந்து அவள் தோளைப் பிடித்தாள். "வேண்டாம் கண்ணு. இனிமே எழுதி வைக்காத. எந்திரிச்சு நின்னு கேளு. யாரு உக்காருன்னு சொன்னாலும் சத்தமாக் கேளு. சரியா?"

வர்ணிகா நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையைக் கட்டினாள். "சரிங்க மிஸ்," என்றாள்.

பூபதி மகளின் தலையைத் தடவிக் கொடுத்தான்.

"கவலப்படாதீங்க மிஸ்," என்றான். "ஒரு தடவை சொன்னாப் போதும், அப்படியே கேட்டுக்குவா. என்னை மாதிரியே."